குரங்கு முகப் பூவுக்கு ஒரு ஐஸ் பெட்டி

அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தபோது இரண்டு பெட்டித் துணியும் ஒரு செடியும் கொண்டு வந்தாள். துணிப் பெட்டிகளை டிக்கியில் போடச் சொல்லிவிட்டுச் செடிக்கூடையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். நீலகிரியிலிருந்து திருப்பனந்தாள் பக்கத்து எங்கள் ஊர் வரைக்கும் கார்க் கண்ணாடியை ஏற்றவும் விடவில்லை, இறக்கவும் விடவில்லை. ஏசி போட்டால் செடியின் ஈரத்தைக் குடித்துவிடுமாம். கண்ணாடியை இறக்கினால் அனல் அடிக்குமாம். கரூர் தாண்டியதும் ஈரத்துண்டை எடுத்து அதற்கு முக்காடு வேறு போட்டாள். பக்கத்தில் தம்பி ஒருவன் வேர்த்துக் கொட்டி வண்டி ஓட்டுகிறானே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பது வருஷம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் அவள். அத்தான் அங்கேயே தொழிற்சாலையில் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. அத்தான் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. "எங்கயும் போக வேணாம், இங்க வந்துடுக்கா" என்று நான்தான் போனிலேயே அடம் பிடித்தேன். அவள் சரி என்று சொல்ல இரண்டு மாதம் ஆனது.

நான் அப்படி அடம் பிடித்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு செடிக்காக ஐம்பத்தெட்டு வயது மனுஷன் பட்ட பாடு பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

எங்கள் அம்மா இறந்தது இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும், ஒரு வைகாசி மாதம். தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னேன். அக்கா உடனே கிளம்பிவிட்டாள். மலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வரவேண்டும். இங்கே ஐஸ் பார் வாங்கி, மரத்தூள் போட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தோம். வெயிலில் அது கண்ணெதிரே கரைந்தது. மத்தியானம் தாண்டியதும் பங்காளிகள், "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா வச்சுப் பாக்குறது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அப்போதும் கோபக்காரன்தான். ஆளாளுக்குக் கேட்ட எரிச்சலில், "சரி, எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது வேறு யாரும் இல்லை, நான்.

அக்கா வந்தபோது வீடு கழுவி விட்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அம்மாவுக்குத் தலைமாடு எந்தப் பக்கம்டா வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். அந்த ஈரத்தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குப் பிறகு அதைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எனக்குப் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. அம்மா போன சில வருஷம் கழித்து, கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை முகம் மாறாமல் வைத்திருக்க அந்தப் பெட்டி வேண்டும். ஒன்று நாலாயிற்று. ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அம்மா அப்பாவைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள். அக்காவிடம் மட்டும் என் வாய் திறக்கவில்லை. அவள் கொண்டு வந்த செடியை எப்படியாவது பிழைக்க வைத்துவிட்டால் அந்த மத்தியானத்தில் பாதியாவது சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அதனால்தான் அந்தப் பாடு.

செடி பார்க்க ஒன்றுமே இல்லை. தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஏழெட்டு இலை, அவ்வளவுதான். தோட்டத்து மேனேஜரின் மனைவி ஆர்க்கிட் வளர்ப்பவராம். ஊரை விட்டுப் போகும்போது ஒரு கொத்தைப் பிரித்து அக்காவிடம் கொடுத்திருக்கிறார். தென் அமெரிக்காவில் மேகம் வந்து மரத்துக்கு மரம் தங்கிப் போகும் மலைக்காடு இருக்கிறதாம், அதுதான் இதன் சொந்த ஊர். பூவை அக்கா போனில் காட்டினாள். மூன்று முனையிலும் வால் நீண்ட பூ, நடுவில் அச்சு அசலாக ஒரு குட்டிக் குரங்கின் முகம். கண், மூக்கு, தாடை எல்லாம் இருக்கிறது. நான் நம்பவில்லை. "யாரோ கம்ப்யூட்டர்ல பண்ணிருக்கான்" என்றேன். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

அந்தச் செடிக்கு அவள் வைத்திருந்த சட்டதிட்டங்களைக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் தோற்றுப்போவார்கள். மண்ணே ஆகாது, பாசி மட்டும்தான். அந்தப் பாசி ஒருநாளும் காயக்கூடாது, ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது. வெயில் படக்கூடாது, வெளிச்சம் வேண்டும். காற்று ஈரமாக இருக்க வேண்டும், அது நின்றுவிடாமல் மெல்ல ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். பகலில் இருபது டிகிரிக்கு மேல் போனால் முகம் வாடும், இரவில் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கினால்தான் நிம்மதியாக மூச்சு விடும். எங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூட அது கிடைக்காது. போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்பில் இலை நுனி கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அது தீர்ந்ததும் எதிர் மருந்துக்கடை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்தாள். காவிரித் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவன் வீட்டில் ஒரு செடிக்கு ஏசித் தண்ணீர். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பங்குனி பாதியிலேயே இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. அக்கா குளியலறையில் வைத்துப் பார்த்தாள், ஈரச்சாக்கு கட்டிப் பார்த்தாள். மூன்று இலை உதிர்ந்த அன்றைக்கு, "விடுடா. அது அந்த ஊருச் செடி. இங்க இருன்னா எப்படி இருக்கும்?" என்றாள். செடியைத்தான் சொன்னாள். எனக்கு அது அவளைப் பற்றிச் சொன்னதாகவே கேட்டது. வந்த நாளிலிருந்து வெயிலைப் பற்றி அவள் ஒரு குறை சொன்னதில்லை, ஆனால் முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி தூங்குவதில்லை என்று என் மனைவி சொன்னாள்.

அன்றைக்கே கடையில் சும்மா கிடந்த நாலாவது பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உறையும் குளிர் வேண்டாம், மலைக்குளிர் போதும் என்று சொல்லி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னக் கருவி மாட்டினோம். அவர் மூன்று தடவை, "யாருக்குண்ணே?" என்று கேட்டார். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன் ஒன்று, எல்ஈடி பட்டை ஒன்று, அடியில் தட்டு வைத்து ஈரக் கூழாங்கல். குறுக்கே திரைச்சீலைக் கம்பியைப் போட்டு அதில் கூடையைத் தொங்கவிட்டோம். அக்கா கண்ணாடிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. "எங்க ஊர் ஆடி மாசம் மாதிரியே இருக்குடா" என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு அதிகமாக இறங்கியது.

என் மனைவிக்குத்தான் தாங்கவில்லை. "நல்லது கெட்டது தெரியாதாங்க உங்களுக்கு? பொணம் வைக்கிற பொட்டியை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்களே" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் என் கடைப் பெயரும் கூப்பிய இரண்டு கைகளும் பெயிண்டில் வரைந்திருக்கும். அதன்மேல் பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடினாள். ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கூடத்தில் பெட்டியைப் பார்த்ததும் சிலிண்டரை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டார். செருப்பைக் கழற்றிக் கைகூப்பி, "எப்பங்க ஆச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா உள்ளேயிருந்து, "இன்னும் ஆகலைங்க, பிழைச்சிக்கும் போலருக்கு" என்றாள். மனுஷர் வெலவெலத்துப் போனார். அதற்குப் பிறகு பெட்டியைப் பின்னால் விதைநெல் மூட்டை போடும் அறைக்கு மாற்றினோம்.

கோடை போய், மழை வந்தது. மஞ்சள் நின்று புது இலை வந்தது. அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். தை மாதம் ஒருநாள், அவள் இல்லாத நேரத்தில், கூடைக்கு அடியில் வெளிர்பச்சையாக ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்று தலைமுறையாக நடவு நட்ட குடும்பம் என்னுடையது. கதிர் மேலே வரும், வேர் கீழே போகும். இது கூடத் தெரியாதா? பாவம், வேர் மண்ணைத் தேடுகிறது என்று முடிவு கட்டினேன். காம்பை மெதுவாக வளைத்துப் பாசிக்குள்ளேயே செருகி, அடியில் ஒரு கொட்டாங்குச்சியில் வாய்க்கால் வண்டலைக் குழைத்து வைத்து, நூலால் கட்டியும் விட்டேன். சாயங்காலம் அக்காவிடம், "வேர் விட்டிருக்கு. நான் பார்த்துக்கிட்டேன்" என்றேன்.

நாலைந்து நாள் கழித்துத்தான் அவள் கொட்டாங்குச்சியைக் கவனித்தாள். நூலை அவிழ்த்தாள். அழுகிய காம்பை விரலில் எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பூவைப் புதைச்சிட்டியேடா பாவி! இதுக்குப் பூக்காம்பு கீழதான்டா போகும். அதுக்குத்தானே ஓட்டைக் கூடையில தொங்கவிட்டிருக்கேன்" என்றாள். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு பூ போனால் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

பங்குனியில் இன்னொரு காம்பு வந்தது. அதை நான் கையால் தொடவில்லை. கூடைக்கு அடியில் ஒரே ஒரு பூ தலைகீழாகத் தொங்கி விரிந்தது. குரங்கு முகம்தான், பொய் இல்லை. கண்ணாடியைத் திறந்தால் கமலா ஆரஞ்சு வாசம் லேசாக வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதில் பின்தெரு அம்மா ஒருத்தரும் வந்தார். எங்கள் வயல்களுக்கு நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் கூட்டிவருகிறவர், வாய் அடங்காதவர். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "கொரங்குங்கறீங்க, எனக்கு எங்க வீட்டுக்காரர் மாதிரில்ல தெரியுது" என்றார். அக்காவும் அவரும் அன்றிலிருந்து சிநேகம். நடவு முடிந்தால் அவர் நேரே வந்து பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். "ஏங்கக்கா, நான் போனா என்னையும் இதுலதானே வைப்பாங்க? இப்பவே பழகிக்கறேன்" என்பார். அக்கா அவர் தோளில் தட்டுவாள்.

அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தபோது அந்த அம்மா போய்விட்டார். காலையில் வாசல் தெளித்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஒரே மகன் குவைத்தில். பத்து மணிக்கு அவருடைய மகள் என் கடைக்கு ஓடி வந்தது. தலை கலைந்து, காலில் செருப்பில்லாமல். "மாமா, பாக்ஸ் வேணும் மாமா. அண்ணன் கெளம்பிட்டான், வந்து சேர ரெண்டு நாளாவுமாம்" என்றது. என் மூன்று பெட்டிகளும் வெளியே போயிருந்தன. பக்கத்து ஊர்க் கடைக்குப் போன் போட்டேன், அங்கேயும் இல்லை. கும்பகோணத்தில் கேட்டேன், சாயங்காலம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வெயிலில் சாயங்காலம் வரை எப்படி?

நாலாவது பெட்டி என் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லையேம்மா. இருந்தா குடுக்க மாட்டனா? ஐஸ் பார் ஏற்பாடு பண்றேன், வா" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு நாக்கூசுகிறது. அந்த நேரத்தில் எனக்கு அக்காவின் கூடைதான் தெரிந்தது.

கடையும் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். அக்கா ஏசித் தண்ணீர் வாளியோடு பின்னால் நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. "இருக்கும்மா. வீட்டுல ஒண்ணு இருக்கு. நீ போய் அம்மா பக்கத்துல இரு, அனுப்புறோம்" என்றாள். அந்தப் பெண் போன பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாருக்காகடா இல்லன்னு சொன்ன?"

"உனக்காகத்தான்க்கா. வேற யாருக்கு?"

"எனக்காகவா" என்று மட்டும் சொன்னாள். நேரே விதைநெல் அறைக்குப் போய்ப் புடவையை உருவிப் போட்டாள். கூடையை வெளியே எடுத்தாள். கூழாங்கல், ஃபேன், கம்பி எல்லாவற்றையும் அவளே கழற்றினாள். டெட்டால் போட்டுப் பெட்டியை மூலை மூலையாகத் துடைத்தாள், ஆஸ்பத்திரியில் கட்டில் துடைத்த கை. மெக்கானிக் வந்து கருவியைக் கழற்றிக் குளிரைப் பழையபடி வைத்தார். வண்டியில் ஏற்றும்போது நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கூப்பிய கைகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

செடிக்கு, மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்கி, நடுவில் கூடையை வைத்தாள். மூடினால் காற்று இல்லை, திறந்தால் குளிர் இல்லை. பாட்டில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். துக்க வீட்டுக்கும் நடையாக நடந்தாள். விமானம் தாமதமாகி மகன் வந்தது மூன்றாம் நாள் மத்தியானம். அவன் வந்தபோது நான் அங்கே நின்றேன். கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, நெற்றியை ஒட்டி, "அம்மா, வந்துட்டம்மா" என்றான். முகம் தூங்குகிற மாதிரி அப்படியே இருந்தது. நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

பெட்டி வீட்டுக்குத் திரும்பியபோது இலைகளெல்லாம் கறுத்து, வெந்த கீரையாகிவிட்டிருந்தன. திரும்பவும் பெட்டிக்குள் வைத்தோம். இரண்டு வாரம் பார்த்தோம். அந்த மகன் ஊருக்குத் திரும்பும் முன் வீட்டுக்கு வந்தான். தங்கச்சி சொல்லித் தெரிந்திருக்கிறது. கூடையைப் பார்த்து, "பொழைக்குமாங்க?" என்று கேட்டான். அக்கா ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. "பொழைக்காதுப்பா. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சாப்பிட்டீங்களா?" என்றாள். அவன் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் போனதும் அக்கா கொல்லையில் ஒரு பேப்பரை விரித்து, கூடையைக் கவிழ்த்து, பாசியைப் பிரித்து வேரை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். பச்சை எங்கேயும் இல்லை. நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அக்கா, அன்னைக்கு எடுத்துடலாம்னு சொன்னது நான்தான். நீ வர்ற வரைக்கும் வச்சிருந்திருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை. கையிலிருந்த வேரைப் பேப்பரில் வைத்தாள்.

"தெரியும்டா. எங்கக்கா வந்து வெறும் வாசல்ல நின்ன மாதிரி இன்னொருத்தர் நிக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பொட்டி வாங்கினேன்னு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கியாமே. நான் இங்க வந்த ரெண்டாம் நாளே பால்காரம்மா சொல்லிட்டாங்க. செத்துப்போன மகராசியும் சொல்லிருக்கா. ஊருல எல்லாருக்கும் சொல்லியிருக்க. எங்கிட்ட எப்பச் சொல்லுவியோன்னு ஒரு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கு என் செடி சாகணுமாடா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பாசி ஒட்டிய கையோடு என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.